குறையுள்ள தலைவர்களும் தேவனுடைய நோக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு போதகரின் அல்லது சபைத் தலைவரின் மறைவான வாழ்க்கை வெளியே வரும்போது விசுவாசிகளிடையே இரண்டு குரல்கள் எழுகின்றன. "தேவன் அவரை எவ்வளவு வல்லமையாகப் பயன்படுத்தினார், அவரைக் குறித்துப் பேசாதீர்கள்" என்பது ஒன்று. "அப்படியானால் இத்தனை ஆண்டுகள் நாங்கள் பெற்றதெல்லாம் பொய்யா" என்பது மற்றொன்று. ஊழியத்தின் பலனை ஊழியருக்குத் தேவன் கொடுத்த நற்சான்றிதழாக எண்ணுவதில் இரு தரப்பாரும் ஒத்துப்போகிறார்கள். முதல் தரப்பார் அந்தச் சான்றிதழைக் காட்டி ஊழியரைக் காக்கப் பார்க்கிறார்கள். இரண்டாம் தரப்பார் அது செல்லாமல் போயிற்றே என்று கலங்குகிறார்கள். அப்படியொரு சான்றிதழ் வேதத்தில் எங்குமே வழங்கப்படவில்லை என்பதுதான் கீழேயுள்ள பதில்களின் அடிப்படை.

குறையுள்ள தலைவர்கள் மூலமாகவும் தேவன் செயல்படுகிறார் என்பதன் பொருள் என்ன?

தேவன் தம்முடைய ஜனத்துக்குச் செய்ய நினைத்ததை, அதற்கென்று அழைக்கப்பட்ட மனிதரின் பலவீனமோ பாவமோ தடுத்துவிட முடியாது என்பதே அதன் பொருள். அது தேவனுடைய உண்மையைக் குறித்த கூற்றே தவிர, தலைவருடைய தகுதியைக் குறித்த கூற்று அன்று. சுவிசேஷமாகிய பொக்கிஷத்தை மண்பாண்டங்களில் பெற்றிருக்கிறோம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். வல்லமை தங்களுடையது அல்ல, தேவனுடையது என்று விளங்கவேண்டும் என்பதே அதற்கு அவர் சொன்ன காரணம். தலைவரின் தவறுகளை மூடுவதற்கு இந்த வசனத்தை எடுத்துக்காட்டுகிறவர்கள் அதைத் தலைகீழாக வாசிக்கிறார்கள். மேலும், அந்த அதிகாரத்தில் பவுல் பேசுவதெல்லாம் நெருக்கம், துன்பம், அழிந்துபோகும் சரீரம் ஆகியவற்றைப் பற்றியே. காணிக்கைப் பணத்தைக் கையாடியவர்களைப் பற்றி அன்று.

வேதத்தில் இதை மிகத் தெளிவாகக் காட்டும் பகுதி எது?

பலரும் தாவீதைத்தான் முதலில் சொல்வார்கள். என் கருத்தில் எண்ணாகமம் 20ஆம் அதிகாரம் அதைவிடத் தெளிவானது. காதேசிலே மிரியாம் இறந்து அடக்கம்பண்ணப்பட்டிருக்கிறார். தண்ணீர் இல்லை, ஜனங்கள் மோசேயோடு வாக்குவாதம் பண்ணுகிறார்கள். கோலை எடுத்துக்கொண்டு சபையைக் கூடிவரச் செய்து, கன்மலையைப் பார்த்துப் பேசும்படி கர்த்தர் கட்டளையிடுகிறார். மோசேயோ ஜனங்களைக் கலகக்காரர் என்று கடிந்து, உங்களுக்கு நாங்கள் தண்ணீர் வரச்செய்ய வேண்டுமோ என்று கேட்டு, கையை ஓங்கிக் கன்மலையை இரண்டுதரம் அடிக்கிறார்.

இந்த இடத்தில் தண்ணீர் வராமல் போயிருந்தால் நமக்குப் புரிந்துகொள்வது எளிதாக இருந்திருக்கும். ஆனால் தண்ணீர் ஏராளமாகப் புறப்பட்டது. ஜனங்களும் குடித்தார்கள், அவர்களுடைய மிருகங்களும் குடித்தன. அங்கே நின்றிருந்த ஒருவருக்கு அது முழுமையான வெற்றியாகவே தோன்றியிருக்கும். அடுத்த வசனத்திலேயே தீர்ப்பு வருகிறது: மோசேயும் ஆரோனும் அந்தச் சபையை வாக்குத்தத்த தேசத்துக்குள் கொண்டுபோவதில்லை. தாகமாயிருந்தவர்கள்மேல் கொண்ட இரக்கத்தினால் தேவன் தண்ணீர் கொடுத்தார்; கீழ்ப்படியாமற்போன தலைவரிடம் கணக்கும் கேட்டார். ஒன்று மற்றொன்றை ரத்து செய்யவில்லை. இந்த இரண்டையும் பிரிக்காமல் வைத்துக்கொண்டால் இந்தப் பொருள் பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஊழியத்தில் ஆத்துமாக்கள் இரட்சிக்கப்படுவதும் அற்புதங்கள் நடப்பதும் தேவனுடைய அங்கீகாரத்துக்கு அடையாளம் இல்லையா?

இல்லை. இயேசுவின் நாமத்தினால் தீர்க்கதரிசனம் உரைத்தோம், பிசாசுகளைத் துரத்தினோம், அற்புதங்களைச் செய்தோம் என்று சொல்லி வருகிறவர்களிடம், நான் ஒருக்காலும் உங்களை அறியவில்லை என்று தாம் சொல்லப்போவதாக மத்தேயு 7ஆம் அதிகாரத்தில் அவரே கூறுகிறார். அவர்கள் சொன்னவை நடக்கவில்லை என்று அவர் மறுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கூலிக்காகச் சபிக்க வந்த பிலேயாமின் வாயிலிருந்து இஸ்ரவேலுக்கு ஆசீர்வாதம் வந்தது. அதே பிலேயாம் பிற்பாடு இஸ்ரவேலை வழிதவறச் செய்ய ஆலோசனை சொல்லி, மீதியானியரோடு வெட்டுண்டு மடிந்தான். சிம்சோனோ கர்த்தர் தன்னை விட்டு விலகினதை அறியாமலே, முன்போலவே உதறிப்போட்டு வெளியே போவேன் என்று எழுந்தார். பலன் தொடர்வதால் எல்லாம் சரியாயிருக்கிறது என்று எண்ணுவதன் ஆபத்து அந்த ஒரு வசனத்தில் இருக்கிறது.

தாவீதே பாவம் செய்தார். தேவன் அவரைத் தள்ளிவிடவில்லையே?

தவறிய தலைவருக்கு ஆதரவாக அடிக்கடி சொல்லப்படும் வாதம் இதுவாகையால் அந்தக் கதையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. 2 சாமுவேல் 11ஆம் அதிகாரத்தில் தாவீது பத்சேபாளை அழைப்பித்துக்கொண்டதோடு நின்றுவிடவில்லை. அவளுடைய கணவர் உரியாவைப் போர் மும்முரமாக நடக்கும் முனையில் நிறுத்தி, அவரை விட்டுப் பின்வாங்கும்படி படைத்தலைவர் யோவாபுக்கு ஒரு நிருபம் எழுதி, அதை உரியாவின் கையிலேயே கொடுத்து அனுப்பினார். உரியா மடிந்த செய்தி வந்தபோது யோவாபுக்கு அவர் சொல்லியனுப்பிய ஆறுதல், இதைப்பற்றி விசாரப்படவேண்டாம், பட்டயம் ஒருவேளை ஒருவனையும் ஒருவேளை வேறொருவனையும் பட்சிக்கும் என்பது. தலைமையின் கொடுமை இவ்வளவு சாதாரணமான, நிர்வாகத் தொனியில் பேசப்பட்ட இடம் வேதத்தில் வேறு இல்லை என்றே சொல்லலாம்.

பின்பு தீர்க்கதரிசியாகிய நாத்தான் வருகிறார். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த ஐசுவரியவானின் கதையைச் சொல்கிறார். தாவீது கோபமூண்டு அந்த மனிதனுக்குத் தீர்ப்புச் சொன்னவுடன், "நீயே அந்த மனுஷன்" என்கிறார். தாவீது அலட்சியமாக உச்சரித்த அதே பட்டயம் தீர்ப்பில் திரும்ப வருகிறது: பட்டயம் என்றைக்கும் உன் வீட்டைவிட்டு விலகாதிருக்கும். பாவம் மன்னிக்கப்பட்டது என்று நாத்தான் அறிவித்த பிறகும் பிள்ளை இறந்தது; தாமார் தன் சகோதரன் அம்னோனால் சீரழிக்கப்பட்டாள்; அம்னோன் கொல்லப்பட்டான்; அப்சலோம் தகப்பனைச் சிங்காசனத்தை விட்டு ஓடச்செய்து, கடைசியில் தானும் மடிந்தான்.

ஆகவே தாவீதை எடுத்துக்காட்டாகக் கொள்ள விரும்புகிறவர்கள் முழுக் கதையையும் எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் அரமனைக்குள் நுழைந்து ராஜாவின் முகத்துக்கு நேரே பேசும் ஒரு தீர்க்கதரிசி இருக்கிறார். சாக்குச் சொல்லாமல், எதிர்வழக்கு ஆடாமல், "நான் கர்த்தருக்கு விரோதமாகப் பாவஞ்செய்தேன்" என்ற ஒரே வாக்கியத்தில் முடியும் அறிக்கை இருக்கிறது. நீக்கப்படாத விளைவுகள் இருக்கின்றன. நாத்தான் இல்லாத தாவீதை நமக்குக் காட்டுகிறவர்கள் வேதத்தில் இல்லாத ஒருவரைக் காட்டுகிறார்கள்.

"அபிஷேகம்பண்ணப்பட்டவர்களைத் தொடாதிருங்கள்" என்று வசனம் இருக்க, ஊழியரை நாம் கேள்வி கேட்கலாமா?

கேட்கலாம். சங்கீதம் 105இல் வரும் அந்த வார்த்தை, நிலமற்ற பரதேசிகளாய் ஊரூராய்த் திரிந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோரைக் குறித்து அந்நாட்டு ராஜாக்களுக்குச் சொல்லப்பட்டது. பலமில்லாதவர்களைப் பலமுள்ளவர்கள் துன்புறுத்தாதபடி இடப்பட்ட தடை அது. அதைப் பலமுள்ள தலைவர் ஒருவர், தம்மைக் கேள்வி கேட்கும் பலமில்லாத விசுவாசியின்மேல் திருப்புவது வேடிக்கைதான்.

அந்தச் சங்கீதத்தின் பின்னணியிலுள்ள கதைகளில் ஒன்று ஆதியாகமம் 20ஆம் அதிகாரம். அங்கே ஆபிரகாம் சாராளைத் தன் சகோதரி என்று சொல்லி அபிமெலேக்கை ஏமாற்றுகிறார். தேவன் அபிமெலேக்கை எச்சரித்து, ஆபிரகாம் ஒரு தீர்க்கதரிசி என்று கூறுகிறார். மறுநாள் அதே தீர்க்கதரிசியை அழைத்து, எங்களுக்கு நீ என்ன செய்தாய், செய்யத்தகாத காரியங்களை என்னிடத்தில் செய்தாயே என்று அந்தப் புறஜாதி ராஜா கடிந்துகொள்கிறார். தேவன் அதைத் தடுக்கவில்லை. தீங்கு செய்வது வேறு, கேள்வி கேட்பது வேறு.

சவுலைத் தாவீது கொல்லாமல் விட்டதும் இதற்கு ஆதாரமாகச் சொல்லப்படுகிறது. என்கேதியின் குகையில் தாவீது சவுலின்மேல் கைபோடவில்லை என்பது உண்மை. ஆனால் குகையை விட்டு வெளியே வந்து, இரு தரப்புச் சேனையாரும் கேட்கக்கூடிய இடத்தில், சவுலின் சால்வையிலிருந்து அறுத்த தொங்கலைக் காட்டி, சவுல் தமக்குச் செய்யும் அநியாயத்தை உரக்கச் சொன்னவரும் தாவீதே. சவுல் ஈட்டியை எறிந்தபோது அவர் அரமனையிலேயே பணிந்து உட்கார்ந்திருக்கவில்லை. அந்த இராத்திரியே தப்பி ஓடினார்.

தவறிய போதகரிடம் நான் பெற்ற ஞானஸ்நானமும் திருவிருந்தும் செல்லுமா?

செல்லும். திருச்சபை இந்தக் கேள்வியை நான்காம் நூற்றாண்டிலேயே கண்ணீரோடும் இரத்தத்தோடும் விவாதித்துவிட்டது. 303இல் பேரரசன் தியோக்ளேசியன் தொடங்கிய உபத்திரவத்தில் வேதப்பிரதிகளை ஒப்படைக்கும்படி ஆணையிடப்பட்டது. சில ஆயர்கள் உயிருக்குப் பயந்து ஒப்படைத்தார்கள். உபத்திரவம் ஓய்ந்தபின் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் கேசிலியன் என்பவர் ஆயரானபோது, அவரை அபிஷேகம் செய்தவர்களில் ஒருவர் அப்படி ஒப்படைத்த துரோகி என்று குற்றஞ்சாட்டி ஒரு பெரும் பகுதியினர் பிரிந்துபோனார்கள். அவர்களே தொனாத்திஸ்டுகள். கறைபட்டவர் கொடுக்கும் திருவருட்சாதனம் (ஞானஸ்நானம், திருவிருந்து போன்றவை) செல்லாது என்பது அவர்கள் வாதம். 314இல் ஆர்ல் நகரில் கூடிய ஆயர் மன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தும் பிளவு ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

இதற்கு வட ஆப்பிரிக்க ஆயர் அகஸ்டின் கொடுத்த பதில் இன்றுவரை நிற்கிறது: பேதுரு ஞானஸ்நானம் கொடுத்தாலும் கொடுக்கிறவர் கிறிஸ்துவே, யூதாஸ் கொடுத்தாலும் கொடுக்கிறவர் கிறிஸ்துவே. இல்லாவிட்டால், தனக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரின் அந்தரங்கம் தெரியாத எந்த விசுவாசியும் நிம்மதியாக உறங்க முடியாது. (அதே அகஸ்டின் பிற்பாடு தொனாத்திஸ்டுகளை அரசின் தண்டனைகளால் நெருக்கிச் சபைக்குத் திருப்புவதை ஆதரித்தார். குறையுள்ள தலைவர்களைப் பற்றி எழுதியவரும் இந்தப் பட்டியலுக்கு வெளியே இல்லை.)

சீர்திருத்தச் சபைகளும் இதைக் கைவிடவில்லை. லுத்தரன் சபையாரின் 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 8ஆம் பிரிவும், இங்கிலாந்து திருச்சபை 1571இல் உறுதிசெய்த 39 கோட்பாடுகளில் 26ஆவதும் இதையே கூறுகின்றன. அந்த 26ஆம் கோட்பாட்டின் பிற்பகுதியைப் பலர் வாசிப்பதில்லை. துன்மார்க்கமான ஊழியர்களைப் பற்றி விசாரணை நடத்தி, குற்றம் தெரிந்தவர்களால் அவர்கள்மேல் குற்றம் சாட்டப்பட்டு, குற்றவாளி என்று காணப்பட்டால் அவர்களைப் பதவிநீக்கம் செய்வது சபையின் ஒழுங்குக்கு உரியது என்று அது முடிகிறது. உங்கள் ஞானஸ்நானம் நிற்கும். அவருடைய பதவி நிற்க வேண்டியதில்லை.

தேவன் தீமையையும் தம் நோக்கத்துக்குப் பயன்படுத்துகிறார் என்றால், தீமை செய்தவர் எப்படிப் பொறுப்பாவார்?

இதன் உள்ளே இருக்கும் இரகசியத்தை எந்த இறையியலும் முழுமையாக அவிழ்த்துவிடவில்லை. ஆயினும் வேதம் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. மனுஷகுமாரன் எழுதப்பட்டிருக்கிறபடியே போகிறார், ஆனாலும் அவரைக் காட்டிக்கொடுக்கிற மனுஷனுக்கு ஐயோ என்று இயேசு யூதாஸைக் குறித்துச் சொன்னார். ஏசாயா 10ஆம் அதிகாரத்தில் அசீரியா தேவனுடைய கோபத்தின் கோல் என்று அழைக்கப்படுகிறது. தேவன் தம்முடைய செய்கையை முடித்தபின் அசீரிய ராஜாவின் அகந்தையை விசாரிப்பார் என்பதும் அங்கேயே எழுதியிருக்கிறது. தான் வெறும் கோடரி என்பதை மறந்து, வெட்டுகிறவருக்கு விரோதமாக மேன்மைபாராட்டியதே அவன்மேல் சாட்டப்பட்ட குற்றம்.

நாடாளும் ஒரு தலைவரை "இக்காலத்துக் கோரேசு" என்று விசுவாசிகள் ஏற்றுக்கொள்ளலாமா?

மிகுந்த எச்சரிக்கை வேண்டும். கி.மு. 539இல் பாபிலோனைக் கைப்பற்றிய பாரசீக ராஜா கோரேசைத் தாம் அபிஷேகம்பண்ணினவர் என்று கர்த்தர் ஏசாயா 45இல் அழைக்கிறார். நீ என்னை அறியாதிருந்தும் என்றும் சொல்கிறார். சிறைப்பட்ட யூதர்கள் எருசலேமுக்குத் திரும்பவும் ஆலயத்தைக் கட்டவும் அவர் வழி திறந்தார். ஆனால் கோரேசை அப்படி அழைத்தது தேவனுடைய தீர்க்கதரிசனம். ஆதரவாளர்களின் மேடைப்பேச்சு அன்று. கோரேசுக்காகத் தங்கள் மனச்சாட்சியை அடகுவைக்கும்படி யூதர்களிடம் ஒருவரும் கேட்கவுமில்லை. எரேமியா புத்தகத்தில் நேபுகாத்நேச்சாரையும் கர்த்தர் தம் ஊழியக்காரன் என்கிறார். அதை வைத்து எவரும் அவனைப் பின்பற்றத்தக்க தலைவன் என்று போதிப்பதில்லை.

சரித்திரம் இதில் கசப்பான பாடங்களை வைத்திருக்கிறது. 1930களில் ஜெர்மனியில் "ஜெர்மானிய கிறிஸ்தவர்கள்" என்ற இயக்கத்தார் ஹிட்லரின் எழுச்சியில் தேவனுடைய கரத்தைக் கண்டதாக அறிவித்தார்கள். அதை எதிர்த்து 1934 மே மாதத்தில் பார்மனில் கூடியவர்கள், இறையியலாளர் கார்ல் பார்த் பெரும்பாலும் வரைந்த அறிக்கையில், இயேசு கிறிஸ்துவே நாம் கேட்டுக் கீழ்ப்படிய வேண்டிய தேவனுடைய ஒரே வார்த்தை என்றும், வேறு நிகழ்ச்சிகளையோ வல்லமைகளையோ மனிதர்களையோ தேவனுடைய வெளிப்பாடாகச் சபை ஏற்க முடியாது என்றும் சொன்னார்கள். துணிச்சலான அந்த அறிக்கையும் யூதர்கள் அனுபவித்துக்கொண்டிருந்த கொடுமையைப் பற்றி வாய் திறக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆட்சியாளரால் நன்மை பெற்ற சபை அவரிடம் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு நல்ல முன்மாதிரி மிலான் ஆயர் அம்புரோஸ். பேரரசன் தியோடோசியஸ் திருச்சபைக்குப் பெரும் ஆதரவாளர். 390இல் தெசலோனிக்கேயில் அவன் ஆணையால் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டபோது, அவன் மனந்திரும்பும்வரை திருவிருந்து கொடுக்க முடியாது என்று அம்புரோஸ் எழுதினார். பேரரசன் வெளிப்படையாகத் தவமிருந்த பிறகே மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டான்.

எல்லா மனிதருக்கும் குறை உண்டு. அப்படியானால் யாரைத்தான் தலைவராக வைப்பது?

குறைக்கும் குற்றத்துக்கும் வேறுபாடு தெரியாததுபோல் நடிப்பதிலிருந்துதான் இந்தக் கேள்வி பெரும்பாலும் பிறக்கிறது. மோசே திக்குவாயர், எலியா சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து சாவை விரும்பினார். இவை குறைகள். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேம் சபைத் தலைவரான யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டது தவறு; பவுல் அதை எல்லாருக்கும் முன்பாக முகமுகமாய் எதிர்த்தார், காரியம் சீர்படுவதற்கு அதுவே போதுமானதாயிருந்தது என்று நம்ப இடமுண்டு. ஆசாரியனாகிய ஏலியின் குமாரர் ஓப்னியும் பினெகாசும் செய்தது வேறு வகை: பலியிடுகிறவர்களிடமிருந்து இறைச்சியைப் பலவந்தமாய்ப் பிடுங்கினார்கள், ஆசரிப்புக் கூடார வாசலில் வந்த பெண்களைச் சீரழித்தார்கள். தங்கள் பதவியையே கருவியாக்கி, தங்களிடம் ஒப்புவிக்கப்பட்டவர்களைச் சூறையாடினார்கள். மூன்றையும் "மனித பலவீனம்" என்ற ஒரே பெட்டியில் போடக்கூடாது.

சபைக்கு உண்மை தெரிந்தபின் என்ன செய்ய வேண்டும்?

பவுல் தீமோத்தேயுவுக்குச் சொன்னதைச் செய்ய வேண்டும். மூப்பர்மேல் வரும் குற்றச்சாட்டை இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்கக்கூடாது. நிரூபிக்கப்பட்டால் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ள வேண்டும். முதல் பாதி வதந்தியிலிருந்து ஊழியரைக் காக்கிறது, இரண்டாம் பாதி மூடிமறைப்பிலிருந்து சபையைக் காக்கிறது. சாட்சி விதியை விசாரணையே தொடங்காமலிருப்பதற்குச் சாக்காக்குவது அந்த வசனத்துக்குச் செய்யும் அநியாயம். செயல் நாட்டுச் சட்டப்படி குற்றமானால், குறிப்பாகச் சிறுவர்களுக்கு எதிரானதானால், காவல்துறைக்குத் தெரிவிப்பது சபை விசாரணைக்காகக் காத்திருக்கக்கூடாது. ஏலி தன் குமாரரைக் கண்டித்துப் பேசத்தான் செய்தார். ஆனால் அவர்களை அடக்கவில்லை என்பதற்காகவே 1 சாமுவேல் 3இல் தீர்ப்பைப் பெற்றார்.

மனந்திரும்பிய தலைவர் மீண்டும் ஊழியத்துக்கு வரலாமா?

மன்னிப்பும் பதவியும் ஒன்றல்ல. மூன்றுதரம் மறுதலித்த பேதுருவை இயேசு மூன்றுதரம் கேட்டு, தம் ஆடுகளை அவரிடம் ஒப்புவித்தார். ஆகவே மீட்பு கூடாதது என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் பேதுரு பயத்தினால் விழுந்தார். தம் மந்தையை அவர் வேட்டையாடவில்லை. கண்காணி குற்றஞ்சாட்டப்படாதவராயும் புறம்பானவர்களால் நற்சாட்சி பெற்றவராயும் இருக்கவேண்டும் என்ற தகுதி 1 தீமோத்தேயு 3இல் அப்படியே இருக்கிறது. ஒருவன்மேலும் சீக்கிரமாய்க் கைகளை வைக்காதே என்ற எச்சரிக்கையும் இரண்டு அதிகாரம் தள்ளி இருக்கிறது. தனக்குப் பதவி திரும்ப வேண்டும் என்று அவசரப்படுகிறவரின் மனந்திரும்புதலை நான் சந்தேகிப்பேன்.

அவரால் காயப்பட்டவரிடம், "தேவன் இதையும் நன்மையாக முடியப்பண்ணுவார்" என்று சொல்லலாமா?

சொல்லாதிருப்பதே நல்லது. நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்ற வாக்கியத்தைச் சொன்னவர் குழியில் போடப்பட்ட யோசேப்பு. அதுவும் பல ஆண்டுகளுக்குப் பிறகு, அழுதுகொண்டே சொன்னார். சகோதரர் அதை அவரிடம் சொல்லியிருந்தால் அது அருவருப்பாயிருந்திருக்கும். காயப்பட்டவருக்கு முன்னே வைக்க ஏற்ற வேதபகுதி எசேக்கியேல் 34. தங்களையே மேய்த்துக்கொண்ட மேய்ப்பர்களுக்கு விரோதமாகத் தாமே எழும்பி, ஆடுகளை அவர்கள் வாய்க்குத் தப்புவிப்பதாகக் கர்த்தர் அங்கே சொல்கிறார். மத்தேயுவும் இயேசுவின் வம்சவரலாற்றில் பத்சேபாளை "உரியாவின் மனைவியாயிருந்தவள்" என்றே குறிப்பிட்டு, கொலையுண்டவரின் பெயரை மேசியாவின் வம்சாவளியிலேயே நிலைக்கச் செய்திருக்கிறார்.

விழுந்துபோன ஊழியரின் பிரசங்கங்களையும் பாடல்களையும் இனிப் பயன்படுத்தலாமா?

உண்மை எவர் வாயிலிருந்து வந்தாலும் உண்மையே. ஆனால் அதை எங்கே, யார் முன்னால் ஒலிக்கச் செய்கிறோம் என்பது அன்பைச் சார்ந்தது. ஜான் நியூட்டன் 1748இல் கடும்புயலில் தேவனை நோக்கிக் கூப்பிட்டபின்னும் 1754 வரை அடிமை வியாபாரக் கப்பல்களில் பணிபுரிந்தார்; 1788இல்தான் அந்த வியாபாரத்தைக் கண்டித்துத் தம் பங்கையும் அறிக்கையிட்டு அச்சில் எழுதினார். அவருடைய கீர்த்தனைகளை இன்றும் சபைகள் பாடுகின்றன. மார்ட்டின் லுத்தர் 1543இல் யூதர்களுக்கு எதிராக எழுதிய கொடிய வார்த்தைகளை அமெரிக்க இவாஞ்சலிக்கல் லுத்தரன் சபை 1994இல் வெளிப்படையாக நிராகரித்தது. விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதலைப் பற்றிய அவருடைய போதனையை நிராகரிக்கவில்லை. மறைந்தவர்களைப் பொறுத்தவரை இப்படிப் பிரித்தறிய முடிகிறது. பாதிக்கப்பட்டவர் அதே சபையில் உட்கார்ந்திருக்கும்போது, அவரைச் சிதைத்தவரின் குரலை ஒலிபெருக்கியில் போடுவது வேறு காரியம். அங்கே அந்தப் பாடலை விட்டுவிடுங்கள். பாடுவதற்கு வேறு பாடல்கள் இருக்கின்றன.